பெட்டிப் பிரிவின் ஒற்றை விரல்

வீட்டுக்குப் பார்சல் வந்தால் கையெழுத்துப் போடுவது அவர்தான். பார்சல் மருமகளுடையதாக இருக்கலாம், உள்ளே இருப்பது வெறும் தலைமுடிக் கிளிப்பாகவும் இருக்கலாம். வாசலில் ஓர் அந்நியன் வந்து கையெழுத்துக் கேட்டால், அதைப் போட வேண்டியவர் குடும்பத்தின் தலைவர். அதில் அவருக்கு இரண்டாவது அபிப்பிராயம் கிடையாது. ஒருமுறை அவர் குளித்துக்கொண்டிருக்கும்போது மணி அடித்தது. மருமகள் கதவைத் திறந்து பேனாவைக் கையில் வாங்கிவிட்டாள். அதற்குள் இடுப்பில் துண்டும் காதுமடலில் சோப்பு நுரையுமாக, முதுகு மட்டும் கொஞ்சமும் வளையாமல், அவர் வாசலுக்கு வந்து சேர்ந்தார். அந்தத் திருக்கோலத்தைப் பார்த்த பார்சல்காரர் ஓர் அடி பின்வாங்கினார். மரியாதையில் பின்வாங்கினார் என்பது அவருடைய கட்சி.

"துண்டு நழுவிடுமோன்னு பயந்து பின்வாங்கினார்" என்பது அவர் மனைவியின் கட்சி.

அட்டைப்பெட்டி செய்யும் தொழிற்சாலையில் அவர் ஒரு பிரிவுக்கு சூப்பர்வைசர். வேலை நேரம் முழுவதும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, மோவாயைக் கொஞ்சம் தூக்கி, நடைபாதையின் நடுவில் நிற்பார். அதனால் பிரிவில் அவருக்குப் பெயர் 'சிலை'. முகத்துக்கு நேரே ஐயா, முதுகுக்குப் பின்னால் சிலை. "சிலை நகருது" என்று யாராவது முணுமுணுத்தால் பேச்சை நிறுத்திவிட்டு வேலையைப் பார் என்று பொருள். இந்தப் பெயர் அவர் காதுக்கும் வந்தது. சிலை என்பது நாலு பேர் அண்ணாந்து பார்க்கும் பொருள் என்பதால் அவர் கோபித்துக்கொள்ளவில்லை. சிலை எந்த ஊரிலும் ஒரு வேலையும் செய்ததில்லை என்ற விஷயம் அவருக்கு ரொம்பப் பிற்பாடுதான் உறைத்தது. கதைக்கும் அந்தப் பெயரே போதும். வயதுக்கு மரியாதை கொடுத்து, சிலையார் என்று வைத்துக்கொள்ளலாம்.

சிலையாரின் பிரிவில் நாலு இயந்திரங்கள், நாலு பேர். முதலில் அட்டையை அளவுக்கு வெட்டும் இயந்திரம். அதில் அவர் மனைவியின் தம்பி, அதாவது மச்சினன். அடுத்தது மடிப்பு இயந்திரம். அதில் எந்நேரமும் எதையாவது முனகிக்கொண்டே இருக்கும் பாட்டுக்காரர். மூன்றாவது, ஓரத்தில் சூடான பசை தடவி ஒட்டும் இயந்திரம், அதில் மருமகள். கடைசியில், ஒட்டிய பெட்டிகளைப் பட்டை போட்டுக் கட்டும் இயந்திரம், அதில் நெட்டையன். மச்சினனையும் மருமகளையும் அங்கே சேர்த்துவிட்டவர் சிலையாரேதான். சேர்த்துவிட்ட அன்றே சட்டமும் போட்டுவிட்டார்: "தொழிற்சாலை வாசல்ல செருப்போட சேத்து உறவையும் கழட்டி வச்சிடணும். உள்ள நான் யாருக்கும் அத்தானும் இல்லை, மாமாவும் இல்லை."

"நாம செருப்பைக் கழட்டுறதே இல்லையே அத்தான்" என்றான் மச்சினன். சிலைகள் பதில் சொல்வதில்லை.

இப்படிப் போய்க்கொண்டிருந்த இடத்தில்தான் திரைகள் வந்தன.

ஒவ்வொரு இயந்திரத்தின் பக்கத்திலும் ஒரு கம்பி நட்டு, சாப்பாட்டுத் தட்டு அளவில் ஒரு திரையை மாட்டினார்கள். அதன் கீழே ஒரு சிறு கண்ணாடிக் கட்டம். மாட்ட வந்த இளைஞர் எல்லாரையும் கூப்பிட்டு வைத்துச் சொன்னார்: "ஒவ்வொரு லாட்டும், அதாவது ஒவ்வொரு அட்டைக் கட்டும் தொடங்கும்போது அந்த மெஷினை ஓட்டுறவங்க இந்தக் கண்ணாடியில கட்டைவிரலை வைக்கணும். விரல் வச்சாத்தான் மெஷின் ஓடும். யார் எவ்வளவு செஞ்சாங்கன்னு உடனே தலைமை அலுவலகத்துல தெரிஞ்சிடும்."

"கையெழுத்து எங்க போடணும்?" என்று கேட்டார் சிலையார்.

"கையெழுத்து இல்லை சார். விரல் மட்டும்தான்."

"கைநாட்டா?"

"ஃபிங்கர்பிரின்ட் சார்."

"அதைத்தான் நாங்க கைநாட்டுன்னு சொல்றது."

சிலையாருடைய அப்பா பள்ளிக்கூடத்து வாசலை மிதிக்காதவர். முதல் சம்பளம் வாங்கப் போன இடத்தில் கட்டைவிரலைப் பிடித்து மையில் அமுக்கியிருக்கிறார்கள். பின்னால் நின்றவன் சிரித்திருக்கிறான். வீட்டுக்கு வந்த மனிதர் அடுப்புக்கரியை எடுத்துச் சுவர் பூராவும் தன் பெயரை எழுதி எழுதிப் பழகி, அடுத்த சம்பளத்தைக் கையெழுத்துப் போட்டு வாங்கினார். அதன்பிறகு அந்தக் குடும்பத்தில் ஒருவர் விரலிலும் மை பட்டதில்லை. பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டும்போதே ஊட்டப்பட்ட கதை இது. அப்படிப்பட்ட வீட்டுக்கு வாழ வந்த பெண், காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் நாலு பேர் பார்க்கக் கைநாட்டு வைப்பதா?

அன்று தான் எடுத்த முடிவை நினைத்து அவருக்கே புல்லரித்தது. இளைஞர் பையைத் தூக்கிக்கொண்டு போனதும் நாலு பேரையும் வரிசையாக நிற்க வைத்தார்.

"இந்த அவமானம் என்னோட போகட்டும். என் பிரிவுல யாரும் விரல் வைக்க வேண்டியதில்லை. எல்லா மெஷினுக்கும் நானே வைக்கிறேன்."

"அத்தான், மெஷின் நாலு இருக்கு. உங்களுக்குக் கட்டைவிரல் நாலு இருக்கா?"

"இங்க நான் உனக்கு அத்தான் இல்லை."

"சரிங்க ஐயா. கட்டைவிரல் நாலு இருக்குங்களா ஐயா?"

பாட்டுக்காரர் திரும்பி நின்று இருமினார். அது இருமல் இல்லை.

வீட்டில் மனைவியிடம் இந்தத் தியாகத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொன்னார். அவள் தட்டைக் கழுவிக்கொண்டே கேட்டுவிட்டு, "அதுல மையே கிடையாதாமே. வெறும் கண்ணாடிதானாம். மருமக சொன்னா" என்றாள்.

"மை இல்லைன்னா அவமானம் இல்லைன்னு ஆயிடுமா?"

"ஆகாது, ஆகாது. நீங்க போய் விரலை நல்லா கழுவிட்டு வாங்க."

மறுநாளிலிருந்து பிரிவில் ஒரு புதுச் சத்தம் கேட்கத் தொடங்கியது. "ஐயா, விரல்!" வெட்டும் இடத்திலிருந்து ஒரு "விரல்!" பசைப் பக்கமிருந்து ஒரு "விரல்!" கட்டுமிடத்திலிருந்து நெட்டையனின் கனத்த குரலில் ஒரு "விரல்!" சிலை, நகர ஆரம்பித்தது. ஓடுவது கௌரவம் இல்லை என்பதால் அவர் ஓடவில்லை. முழங்காலை மடக்காமல் வேகமாக நடந்தார். மேலே இருந்து ஒரு கயிற்றைக் கட்டி யாரோ இழுத்துக்கொண்டு போவதுபோல இருக்கும். போகிற வழியில் சட்டைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து விரலைத் துடைப்பார், கண்ணாடியில் வைப்பார், 'வணக்கம்' என்று திரை அவர் பெயரைச் சொல்லும், தலையை லேசாக அசைத்து அந்த வணக்கத்தை ஏற்றுக்கொள்வார், அடுத்த இயந்திரத்துக்குத் திரும்புவார். சில நாட்களிலேயே 'சிலை' என்ற பெயர் வழக்கொழிந்து 'விரல்' ஆனது. அதுவும் அவர் காதுக்கு வந்தது. இந்த முறை அண்ணாந்து பார்ப்பதைப் பற்றி அவருக்கு எதுவும் தோன்றவில்லை.

மாதம் முடிந்ததும் மேலாளர் அவரை அறைக்கு அழைத்தார். மேலாளர் வயதில் சின்னவர், கண்ணாடி போட்டவர், யாரிடம் பேசினாலும் பாதிப் பார்வையைக் கணினித் திரையிலேயே வைத்திருப்பவர். அந்தத் திரையில் தலைமை அலுவலகத்து அம்மையார் ஒருவரின் முகம் தெரிந்தது.

"எங்க எல்லாத் தொழிற்சாலையிலயும் சேர்த்துப் பார்த்தா, தனி ஒரு ஆளா அதிகமா வேலை செஞ்சது நீங்கதான் சார்" என்றார் அம்மையார். "இரண்டாவதா வந்தவருக்கும் உங்களுக்கும் நடுவுல பெரிய இடைவெளி. எப்படி முடியுது உங்களால, இந்த வயசுல?"

அந்த இடத்தில் ஒரு சாதாரண மனிதனுக்கு 'ஏதோ இடிக்கிறதே' என்று தோன்றியிருக்கும். சிலையாருக்கு அப்படித் தோன்றவில்லை. கடைசியாக ஒரு நாள் உலகம் உண்மையைக் கண்டுபிடித்துவிட்டது என்றுதான் தோன்றியது.

"ஒழுக்கம்" என்றார். "வேற ஒண்ணுமில்லைம்மா. ஒழுக்கம்."

போட்டோ எடுத்தார்கள். சட்டமிட்ட படம் ஒன்று தொழிற்சாலை வாசலுக்கும் இன்னொன்று அவர் கைக்கும் வந்தது. கீழே 'மிகச் சிறந்த பணியாளர்' என்று எழுதியிருந்தது. அன்று மாலை ஸ்கூட்டரை மருமகள் ஓட்ட, பின்னால் அவர் வழக்கம்போல விறைப்பாக உட்கார்ந்து, படத்தை மார்போடு அணைத்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார். முகப்பு அறையில், அப்பாவின் படத்துக்குப் பக்கத்தில், அப்பாவின் படத்தைவிட அரை அங்குலம் தாழ்வாக மாட்டச் சொன்னார். அடக்கத்துக்கு அரை அங்குலம் போதும் என்று நினைத்தார். சம்பந்தி வீட்டுக்குப் போன் போட்டார். அவர் எதற்காகக் கூப்பிட்டார் என்று அவர்களுக்குப் புரிவதற்குள் நாலு முறை வானிலை விசாரித்தார்.

"அப்படி என்னதான் செஞ்சீங்க?" என்றாள் மனைவி, படத்தை அண்ணாந்து பார்த்தபடி.

"நானா சொல்லிக்கிறேன்? கணினி சொல்லுது."

அடுத்த வாரத்தில் ஒருநாள், வேலை முடிந்து வந்த மருமகள் சாப்பாட்டைத் தொடாமல் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அதை மேசையில் அவர் பக்கமாகத் தள்ளினாள்.

"மாமா, இதைப் படிங்க."

தலைமை அலுவலகத்திலிருந்து வந்த செய்தி. தங்கள் பெயரில் எந்தச் செயல்பாடும் பதிவாகவில்லை, தங்கள் பிரிவின் பணி முழுவதையும் ஒரே பணியாளர் திறம்பட நிறைவேற்றி வருகிறார், ஆகவே இந்த மாத இறுதியுடன் தங்கள் பணியிடம் நீக்கப்படுகிறது, தங்கள் எதிர்காலத்துக்கு வாழ்த்துகள்.

"எனக்கு மட்டும் இல்லை. சித்தப்பாவுக்கு, பாட்டுக்காரருக்கு, நெட்டையனுக்கு, எல்லாருக்கும் வந்திருக்கு" என்றாள். அவள் சித்தப்பா என்றது மச்சினனை. "நான் வேலைக்கே வரலையாம் மாமா. அப்ப தினமும் உங்களைப் பின்னால உக்கார வச்சு வண்டி ஓட்டிட்டு வந்தது யாரு?"

சிலையார் இன்னொரு தடவை படித்தார். உண்மையைச் சொல்ல வேண்டும். 'ஒரே பணியாளர் திறம்பட' என்ற வரியில் அவர் மனம் ஒரு கணம் நின்று, கழுத்தை நீட்டி, இனிப்புக் கண்ட எறும்பைப்போல அதை முகர்ந்து பார்த்தது. அதற்குப் பிறகுதான் மிச்ச வரிகள் உள்ளே இறங்கின. அந்த ஒரு கணத்தை நினைத்தால் அவருக்கு இன்றைக்கும் காது சுடும்.

மகனுக்கு நிலையான வேலை கிடையாது. வெளியூரில் ஒரு கட்டடம் முடிந்தால் அடுத்த கட்டடம் தொடங்கும்வரை காத்திருக்கிறவன். வீடு ஓடுவது அவர் சம்பளத்திலும் மருமகள் சம்பளத்திலும்தான். மச்சினனுக்குப் பள்ளிக்கூடம் போகும் பெண்கள். பாட்டுக்காரருக்கும் நெட்டையனுக்கும் இந்த வயதில் வேறு எந்தப் படியில் ஏறினாலும், அங்கேயும் ஒரு திரை மாட்டியிருக்கும்.

"எல்லாரையும் காப்பாத்தத்தானே நான் விரல் வச்சேன்" என்றார் மெல்ல.

"நல்லா காப்பாத்தினீங்க" என்றாள் மனைவி. அவள் அன்று சிரிக்கவில்லை. அது அவருக்குச் சிரிப்பைவிடச் சுட்டது.

காலையில் முதல் வேலையாக மேலாளர் அறைக்குப் போனார். நடந்ததைச் சொன்னார். கைநாட்டு, அப்பா, அடுப்புக்கரி என்று ஆரம்பித்த இடத்தில் மேலாளர் கையை உயர்த்தினார்.

"சுருக்கமா சொல்லுங்க. மத்தவங்க செஞ்ச வேலைக்கு நீங்க விரல் வச்சீங்க. அவ்வளவுதானே?"

எவ்வளவு பெரிய தியாகம், எவ்வளவு சின்ன வாக்கியமாகிவிட்டது!

"ஆமா. அதைத் தலைமை அலுவலகத்துக்குச் சொல்லிடுங்க."

"சொல்லலாம். ஆனா அவங்க வார்த்தையை நம்ப மாட்டாங்க சார், பதிவைத்தான் நம்புவாங்க. சொந்தக்காரங்களைக் காப்பாத்த நீங்க இப்ப கதை கட்டுறீங்கன்னு நினைப்பாங்க. அதுலயும் ரெண்டு பேர் உங்க வீட்டு ஆளுங்க." கொஞ்சம் யோசித்தார். "ஒண்ணு செய்யலாம். நாளைக்கு அந்தப் பிரிவை நீங்க தனியா ஓட்டுங்க. கேமரா வழியா அம்மையார் பார்க்கட்டும். ஒரு ஆளால முடியாதுன்னு அவங்களே கண்ணால பார்த்தா, அதுவும் ஒரு பதிவுதான்."

ஆக, அவர் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: தோற்க வேண்டும். நாலு பேர் பார்க்க, கேமரா பார்க்க, நன்றாக, சந்தேகத்துக்கு இடமில்லாமல் தோற்க வேண்டும். வாழ்க்கையில் அவருக்குக் கொஞ்சமும் பயிற்சி இல்லாத வேலை அது. வீட்டில் குழந்தைகளோடு தாயக்கட்டை உருட்டினால்கூட, அவர் காய் பழுக்கும்வரை ஆட்டம் முடியாது.

மறுநாள் அட்டைக் கட்டுகளின்மேல் நாலு பேரும் பார்வையாளர்களாக உட்கார்ந்தார்கள். மேலாளர் ஒரு மடிக்கணினியை முக்காலியில் வைத்தார். அதில் அம்மையாரின் முகம்.

"அத்தான், தோக்கத் தெரியுமில்ல?" என்று மச்சினன் மெதுவாகக் கேட்டான். "கஷ்டமில்லை. நீங்க சாதாரணமா இருந்தாலே போதும்."

சிலையார் வெட்டும் இயந்திரத்தில் விரல் வைத்தார். 'வணக்கம்' என்றது திரை. அட்டை உள்ளே போனது, அளவாக வெளியே வந்தது. அவர் அதைத் தூக்கிக்கொண்டு மடிப்பு இயந்திரத்துக்கு நடந்தார், விரல் வைத்தார், ஓட்டினார். திரும்பி வந்து வெட்டினார். மறுபடியும் மடித்தார். ஓரக்கண்ணால் பார்த்தால் மடிக்கணினியில் அம்மையார் வியப்போடு தலையை ஆட்டுவது தெரிந்தது.

அங்கேதான் வந்தது வினை. அந்தத் தலையாட்டலைப் பார்த்ததும் அவர் முதுகு இன்னும் கொஞ்சம் நிமிர்ந்தது. கை சூடு பிடித்தது. எதற்காக வந்தோம் என்பது மறந்தே போனது. முழங்காலை மடக்கியே நடந்தார். ஒரு கட்டத்தில், கடவுளே, ஓடவும் ஓடினார். மடித்த அட்டைகள் பசை இயந்திரத்தின் முன்னால் கோபுரமாக உயர்ந்தன.

"என்ன இது, ஜெயிச்சிடுவார் போல இருக்கே!" என்று நெட்டையன் எழுந்து நின்றுவிட்டான்.

"மாமா, மெதுவா!" என்றாள் மருமகள் பல்லைக் கடித்துக்கொண்டு.

மருமகள் தன் உடம்பைப் பற்றிக் கவலைப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டு, 'எனக்கு ஒன்றுமில்லை' என்பதுபோல அவளுக்குக் கையைக் காட்டினார்.

"உங்க மாமனார் நம்ம நாலு பேரையும் வீட்டுக்கு அனுப்பிட்டுத்தான் ஓய்வார்" என்றார் பாட்டுக்காரர். அன்றைக்குத்தான் அவர் முனகாமல் பேசி எல்லாரும் கேட்டார்கள்.

பசை இயந்திரம் அவரை நிறுத்தியது. அத்தனை வருஷம் அதன் பக்கத்தில் நின்றிருக்கிறார். இது போதாது, அது அதிகம் என்று எத்தனையோ முறை குரல் கொடுத்திருக்கிறார். எந்தக் குமிழை எந்தப் பக்கம் திருப்பினால் பசை கூடும், எந்தப் பக்கம் குறையும் என்பது மட்டும் தெரியாது. சிலை நின்ற இடத்திலிருந்து குமிழ் தெரியாது. விரல் வைத்துவிட்டு, ஏதோ ஒரு பக்கம் திருப்பினார். பசை பொங்கிக்கொண்டு வந்தது. தடுக்கப் போன வலது கை பெட்டியின் ஓரத்தோடு ஒட்டிக்கொண்டது. இடது கையால் பெட்டியை இழுத்தார். இடது கையும் ஒட்டிக்கொண்டது. சூடு அதிகமில்லாததால் தோல் பிழைத்தது, மானம் பிழைக்கவில்லை. தாம்பூலத் தட்டு ஏந்தியவரைப்போல இரண்டு கைகளிலும் ஓர் அட்டைப்பெட்டியை ஏந்தி நின்றார். பின்னால் மடித்த அட்டைக் கோபுரம் மெதுவாகச் சாய்ந்து, பாதை பூராவும் பரவியது.

ஒரு வழியாக ஒரு கையைப் பிய்த்தெடுத்து, பசை அப்பிய கட்டைவிரலைக் கண்ணாடியில் வைத்தார். திரை கொஞ்சம் யோசித்தது.

'யாரென்று தெரியவில்லை' என்றது.

கைக்குட்டையால் துடைத்தார். கைக்குட்டை விரலோடு ஒட்டிக்கொண்டது. 'யாரென்று தெரியவில்லை.' ஒவ்வொரு இயந்திரமாக மூச்சை விட்டு நின்றது.

மடிக்கணினியிலிருந்து அம்மையாரின் குரல் பரிவோடு வந்தது. "பரவாயில்லை சார். பசை மெஷின்ல ஏதோ கோளாறு, அதானே? அதுவரைக்கும் பிரமாதமா போச்சு. எண்ணிக்கை எல்லாம் ரொம்ப நல்லா இருக்கு. கோளாறுன்னு குறிச்சுக்கிறேன். சரி பண்ண ஆள் அனுப்பிடுவோம். அதுக்கப்புறம் நீங்க தாராளமா ஓட்டலாம்."

எவ்வளவு அழகான வாசல்! அவர் தலை குனியாமல் நுழையும் உயரத்தில் அதைத் திறந்து வைத்திருந்தார் அந்த அம்மையார். 'ஆமாம்மா, கோளாறு' என்று இரண்டு வார்த்தை சொன்னால் போதும். வாசலில் மாட்டிய படம் மாட்டினபடியே இருக்கும். வீட்டில் அப்பாவின் பக்கத்தில் அரை அங்குலம் தாழ்வாக இருக்கும். சம்பந்திக்கு விளக்கம் சொல்ல வேண்டியிருக்காது.

அட்டைக் கட்டின்மேல் மருமகள் உட்கார்ந்திருந்தாள். அவரைப் பார்க்கவில்லை. கையிலிருந்த வண்டிச் சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கோளாறு மெஷின்ல இல்லைம்மா" என்றார் சிலையார். குரல் அவருக்கே புதிதாக இருந்தது. "எனக்கு இந்த மெஷின் ஓட்டத் தெரியாது. வெட்டி மடிக்க ஓரளவுக்குத் தெரியும், அதுவும் அவங்களைப் பார்த்துப் பார்த்துத்தான். கட்டவும் தெரியாது. போன மாசம் பூரா ஓட்டினது இந்த நாலு பேர். நான் விரல் மட்டும்தான் வச்சேன்."

"அப்ப ஒழுக்கம்னு சொன்னீங்களே?"

"அது தெரியாம சொன்னது."

அம்மையார் கொஞ்ச நேரம் அந்தப் பெட்டியையும், அதை ஏந்தி நிற்கும் மனிதரையும் பார்த்தார். பிறகு கீழே குனிந்து எதையோ தட்டினார். "சரி. இனிமே அவங்கவங்க விரலை அவங்கவங்க வைக்கட்டும். அதைப் பார்த்துட்டு முடிவு பண்றோம்" என்றார்.

திரை இருண்டதும் மருமகள் இறங்கி வந்து, ஒரு துணியை எண்ணெயில் நனைத்து அவர் கையில் ஒட்டிய பெட்டியைப் பிரிக்க ஆரம்பித்தாள். "வலிக்குதா மாமா?" என்றாள். தொழிற்சாலையில் மாமா இல்லை என்று அவர் திருத்தவில்லை.

மறுநாள் முதல் அவரவர் விரல். மருமகள் கண்ணாடியில் கட்டைவிரலை வைத்தபோது சிலையார் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். திரை அவள் பெயரைச் சொல்லி வணக்கம் சொன்னது. அவள் விரலில் மை எதுவும் படவில்லை என்பதை அவர் திரும்பிப் பார்த்து உறுதிப்படுத்திக்கொண்டார்.

மாத இறுதிக்குள் நாலு பேருக்கும் பழைய செய்தி ரத்து என்று புதுச் செய்தி வந்தது. பதிவில் இப்போது நாலு பெயருக்கும் நேரே வேலை நிறைந்திருந்தது. ஐந்தாவதாக இருந்த பெயருக்கு நேரே ஒன்றுமே இல்லை. 'இந்தப் பணியாளர் வேலைக்கு வருகிறாரா?' என்று தலைமை அலுவலகம் மேலாளரைக் கேட்டது. யார் எவ்வளவு செய்கிறார்கள் என்பதைத் திரையே பார்த்துக்கொள்வதால் இனி அந்தப் பிரிவுக்கு சூப்பர்வைசர் தேவையில்லை என்று முடிவு செய்தார்கள். கட்டும் இடத்தில் நெட்டையனுக்கு உதவி ஆளாக, குறைந்த சம்பளத்தில், விருப்பம் இருந்தால் சேரலாம். பிரிவுக்கு ஒரு பொறுப்பாளர் வேண்டும் என்பதால், அந்தப் பெயர் மருமகளுக்கு.

வீட்டில் அவர் ரொம்ப நேரம் அப்பாவின் படத்தின் முன்னால் நின்றார்.

"வேலையை விட்டுடலாமா? கௌரவமா இருக்குமே" என்றார்.

"இருக்கும், இருக்கும். வீட்லயே உக்காந்து பார்சலுக்குக் கையெழுத்துப் போட்டுட்டு இருக்கலாம்" என்றாள் மனைவி.

பக்கத்திலிருந்த தன் படத்தைக் கழற்றக் கையைத் தூக்கினார். அவள் தடுத்தாள். "அது இருக்கட்டும். எனக்கு மனசு சரியில்லாதப்ப பார்த்தா சிரிப்பு வருது."

உதவி ஆளாகச் சேர்ந்த முதல் நாள் கட்டும் இயந்திரத்தில் அவர் தன் விரலை வைத்தார். தன் வேலைக்காகத் தன் விரலை வைப்பது அதுதான் முதல் தடவை. பெட்டிகளை அடுக்கி, பட்டையை இழுத்து, இறுக்கி, வெட்டி, ஒரு கட்டை உருவாக்கிக் கொஞ்ச தூரம் தள்ளி நின்று பார்த்தார். மருமகள் வந்து பார்த்தாள். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டிருந்தாள். வேண்டுமென்றே கட்டினாளா என்று அவருக்குச் சந்தேகம்.

"கட்டு கோணலா இருக்கு. அவிழ்த்துக் கட்டுங்க."

"முதல் நாள்தானேம்மா..."

"தொழிற்சாலையில நான் உங்களுக்கு மருமக இல்லை. நீங்க போட்ட சட்டம்தான்."

"அத்தான், இதுக்குப் பேர்தான் ஒழுக்கம்!" என்று வெட்டும் இடத்திலிருந்து மச்சினனின் குரல் வந்தது. பாட்டுக்காரர் இருமினார். சிலையார் குனிந்து கட்டை அவிழ்த்தார். அவ்வளவு தூரம் குனிந்து வெகுகாலம் ஆகியிருந்ததால் முதுகில் எங்கேயோ சடக்கென்று ஒரு சத்தம் கேட்டது. அன்று சாயங்காலம் திரையில் அவர் பெயருக்கு நேரே தொழிற்சாலையிலேயே மிகக் குறைந்த எண் இருந்தது. அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். சின்ன எண்தான், ஆனால் முழுக்க முழுக்க அவருடையது.

விடுமுறை நாள் காலையில் அவர் குளித்துக்கொண்டிருந்தபோது வாசல் மணி அடித்தது. பழக்கதோஷம், கை துண்டுக்குப் போய்விட்டது. ஒரு கால் குளியலறைக் கதவைத் தாண்டியும் விட்டது. வெளியே பார்சல்காரர் கையெழுத்துக் கேட்பதும், பேனா எழுதவில்லை என்று மருமகள் சொல்வதும், வேறு பேனா கொடுப்பதும் கேட்டது.

வெளியே வைத்த காலை அவர் உள்ளே எடுத்துக்கொண்டார். துண்டை மறுபடி கொடியில் போட்டார். கண்ணில் சோப்பு எரிந்தது. இல்லாவிட்டால் போயிருப்பேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, இன்னொரு சொம்புத் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டார்.